நண்பகலில் வாய்மூடும் செடிகள்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு பருப்புக்கீரை இலையைக் கிள்ளி வாயில் போட்டால் நாக்கு கூசும். கிளிமூக்கு மாங்காயைக் கடித்ததுபோல ஒரு புளிப்பு. அதே செடியில் மாலை மூன்றரைக்கு இன்னோர் இலையைக் கிள்ளிச் சுவைத்துப் பாருங்கள். புளிப்பு பெருமளவு போய், சப்பென்று தண்ணீர்ச் சுவைதான் மிஞ்சியிருக்கும். ஐந்தாறு நாள் தண்ணீர் காட்டாமல் வாடப்போட்ட செடியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். நான் சொல்வது சிவந்த தண்டும் தடித்த சிறு இலையுமாகத் தரையோடு படரும் கீரை. சில ஊர்களில் தரைப்பசலை என்றும் கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். கிள்ளினால் பால் வந்தால் அது வேறு செடி, வாயில் வைக்கவேண்டாம்.

இந்த நாக்குச் சோதனை இருநூறு ஆண்டு பழையது. பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர் மொரேவியன் சபையின் மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசில் தாவரவியலாளராகப் பணியாற்றி, 1819இல் இங்கேயே மறைந்தார். அவர் சுவைத்தது நம் வீடுகளில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று சுவரில் தொங்கவிடுகிறோமே, அந்த ரணகள்ளி இலையை. காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அது 1815இல் அச்சேறியது. கோடையில் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்விக்கான மிகப் பெரிய விடைகளில் ஒன்று, இப்படி ஒருவர் நாக்கில் தொடங்கியது. (ரணகள்ளியை நீங்கள் மென்று பார்க்காதீர்கள். இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் அதில் உண்டு. நமக்குப் பருப்புக்கீரை போதும்.)

புளிப்பு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று புரிந்துகொண்டால் கோடைத் தோட்டத்தின் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். அதற்கு முதலில் இலையின் வாயைப் பார்க்கவேண்டும்.

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஒரு சதுர மில்லிமீட்டரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் உதடுபோல இரண்டு காப்புச் செல்கள். அவை நீர் ஏறி உப்பினால் துளை திறக்கும், நீர் இறங்கித் தளர்ந்தால் மூடும். செடிக்குச் சாப்பாடான கரியமில வாயு உள்ளே வருவது இந்த வழியில்தான். ஆனால் வாயைத் திறந்தவுடன் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே ஓடும். ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளச் சாதாரணச் செடி ஏறத்தாழ நானூறு நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இப்படி ஆவியாகப் போவதுதான்.

இதை முதலில் எடைபோட்டுப் பார்த்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். 1724 ஜூலையில் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து ஆவி போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் அடைத்து, காலையும் மாலையும் தராசில் ஏற்றினார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் சராசரியாக ஒன்றேகால் பவுண்டு, அதாவது அரை லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் காணாமல் போனது. அளவுக்கு அளவு வைத்துப் பார்த்தால் மனிதனைவிடப் பதினேழு மடங்கு வேர்க்கிறது என்று கணக்கிட்டு, 1727இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இதெல்லாம் இங்கிலாந்து வெயிலில். அதே சூரியகாந்தி மே மாதம் அம்பத்தூர் மாடியில் இருந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த வேர்வை வீண் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் வாட் ஹீட்டர் நாற்பது நிமிடம் எரிந்தால் வரும் சூடு அது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். நிழல்வலைக்குக் கீழே நிற்பதைவிடப் புடலைப் பந்தலுக்குக் கீழே நிற்பது இதமாக இருக்கிறதே, காரணம் இதுதான். வலை வெயிலை மட்டும் தடுக்கிறது, பந்தல் வெயிலைத் தடுப்பதோடு வேர்க்கவும் செய்கிறது.

ஆனால் வேர் கொண்டுவருவதைவிட இலை இழப்பது அதிகமாகும் நேரம் ஒன்று வரும். அப்போது செடி வாயை மூடிக்கொள்ளும். சென்னைப் பக்கம் அந்த நேரத்தைத் தீர்மானிப்பது வெயிலைவிடக் கடற்காற்று. காலை பத்து மணி முதல் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றுதான் இலையை உறிஞ்சுகிறது. வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸிலேயே நிற்க, ஈரப்பதம் மட்டும் 30 விழுக்காட்டிலிருந்து 60க்கு ஏறினால் அந்த உறிஞ்சல் ஏறத்தாழ பாதியாகக் குறையும். கடற்காற்று நுழைந்ததும் நடப்பது அதுதான், வெப்பமும் சேர்ந்து இறங்குகிறது. திருவான்மியூரில் நண்பகலிலேயே நிமிரும் வெண்டை இலை, பூந்தமல்லியில் மாலைவரை தொங்கிக்கொண்டிருக்கும். கடற்காற்று வராமலே போன நாள்கள்தான் நகரத்தின் கொடும் நாள்கள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது.

வாயை மூடினால் தாகம் அடங்கும், பசி தொடங்கும். இதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். கோடைச் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் மட்டும் இல்லை, சாப்பாட்டுப் பஞ்சமும் உண்டு. போதாததற்கு இலைக்குள் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்கு ஒரு குறை இருக்கிறது. சூடு ஏற ஏற, கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அந்தத் தவற்றைத் திருத்த, செடி தான் சேர்த்த சர்க்கரையிலிருந்தே செலவழிக்கவேண்டும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். துளை மூடியிருக்கும்போது உள்ளே கரியமில வாயு குறைந்து ஆக்சிஜன் மிகுவதால் தவறும் மிகும். தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை, வெண்டை எல்லாம் இந்தக் கூட்டம்தான். வெண்டையும் கத்தரியும் ஆழமாக வேரோடித் தாக்குப்பிடிக்கும், தக்காளிக்கு அந்தத் தெம்பு இல்லை.

என் முதல் கோடையில் இது எனக்குத் தெரியாது. தக்காளி நண்பகலில் தலை தொங்குகிறதே என்று ஒரு நாளைக்கு மூன்று முறை ஊற்றினேன். பக்கத்து மாடி அக்கா பார்த்துவிட்டு, “இலையைப் பார்த்து ஊத்தாதம்மா, மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்த்து ஊத்து” என்றார். நான் கேட்கவில்லை. பத்தே நாளில் செடிகள் காலையிலும் தொங்கத் தொடங்கின. பையைக் கவிழ்த்தபோது அடிமண் கறுத்து நாற்றமடித்தது, வேர் நூலாக உரிந்தது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டும். அங்கே தண்ணீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் வேருக்குப் போய்ச் சேரும். மூச்சு முட்டிய வேர் தண்ணீர் எடுக்காது, இலை வாடும், நாம் இன்னும் ஊற்றுவோம். விதி எளியது. நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் விட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்கும் வாடியிருந்தால்தான் அது தாகம்.

சில செடிகள் ரூபிஸ்கோவின் குறைக்கு ஒரு மாற்றுவழி கண்டுவைத்திருக்கின்றன. ஆக்சிஜனிடம் ஏமாறாத வேறொரு நொதியால் முதலில் கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, உள்ளறையில் இருக்கும் ரூபிஸ்கோவிடம் நெருக்கி ஊட்டும் வழி அது. துளையைக் கொஞ்சமாகத் திறந்தாலும் போதும், ஒரு மூலக்கூறுக்கு நானூறு நீர் என்ற விலை ஏறத்தாழ நூற்றைம்பதாக இறங்கும். 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பில் இதை விளக்கினார்கள். சி-4 முறை என்று பெயர் வந்தது. கம்பும் சோளமும் கேழ்வரகும் மானாவாரியில் நிற்பதற்கும் நெல் நிற்காததற்கும் இதில் பெரும்பங்கு உண்டு. மாடிக்கு வருவோம். தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை மூன்றும் சி-4. மே மாதத்தில் விதைத்த இருபத்தைந்தாம் நாள் சிறுகீரை பிடுங்கலாம் என்று அம்மா சொன்னபோது வழக்கத்தைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இலைக்குள் இருக்கும் வேதியியலைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். பூக்களில் வாடாமல்லி சி-4. அதே குடும்பத்துக் கோழிக்கொண்டைக்கு அந்த வழி வாய்க்கவில்லை.

இனி அந்தப் புளிப்பு. ரணகள்ளியும் கற்றாழையும் இன்னொரு படி மேலே போய், பகலில் வாயையே திறப்பதில்லை. இரவுக் குளுமையில் திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக்கி, செல்லின் குமிழில் சேர்த்துவைக்கும். விடியற்காலையில் அந்தச் சேமிப்பு நிறைந்திருக்கும், அதுதான் நாக்கில் பட்ட புளிப்பு. பகலில் வாயை மூடிக்கொண்டு, அமிலத்தை உடைத்து, வெயிலின் துணையோடு சர்க்கரை செய்யும். சாயங்காலம் பாத்திரம் காலி. நீர் விலை ஐம்பதுக்கு வந்துவிடும். பருப்புக்கீரையின் அருமை என்னவென்றால், தண்ணீர் கிடைக்கும் நாளில் அது சி-4 செடியாக வேகமாக வளரும், தண்ணீர் நின்றால் இந்த இரவு முறைக்கு மாறும். இரண்டு வழியும் தெரிந்த செடி உலகில் அபூர்வம். அதன் உடன்பிறப்புத்தான் பத்துமணிப்பூ. ஒடித்து நட்டால் போதும், கைப்பிடிச் சுவர்மேல் தேங்காய்ச் சிரட்டையில்கூடப் பூக்கும் அந்தச் செடியை எளிய பூ என்று தள்ளிவிடுகிறோம். என் மாடியில் கோடைக்கு அதுதான் ராணி.

தோட்டப் புத்தகங்களை விரும்பிப் படிக்கிறவள் நான். அவற்றோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஆங்கிலப் புத்தகங்கள் கோடையைத் தோட்டத்தின் பொற்காலமாகப் பேசும். விதைப் பொட்டலத்தில் ‘முழு வெயில்’ என்று அச்சிட்டிருக்கும். எந்த ஊர் முழு வெயில்? லண்டனில் ஆண்டிலேயே சூரியன் மிக உயரும் நாள் ஜூன் 21. அன்றும் நண்பகலில் 62 டிகிரிக்கு மேல் ஏறாது. சென்னையில் அந்த உயரத்தை உச்சிச் சூரியன் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலேயே தொட்டுவிடுகிறது. ஆகவே அந்தப் பொட்டலத்தின் ‘முழு வெயில்’ நம் தை, மாசி வெயில். அதற்குமேல் வருவதெல்லாம் அந்தச் செடி பிறந்த மண்ணில் அறியாதது. இதை உணர்ந்து எழுதியவர்களும் உண்டு. ஃபர்மிங்கர் என்ற பாதிரியார் 1860-களிலேயே வங்காளச் சமவெளிக்கென்று தோட்டக் கையேடு எழுதினார். கே. எஸ். கோபாலசாமி அய்யங்காரின் ‘கம்ப்ளீட் கார்டனிங் இன் இந்தியா’ இன்றும் எனக்குக் கைப்புத்தகம். அதுவும் பெங்களூரிலிருந்து வந்தது, கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர். மாதங்களை அப்படியே எடுத்துக்கொண்டால் செங்கல்பட்டில் பூ காயாகாது.

சூரியன் உயர்வதில் நம் மாடிக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது, எந்த வெளியூர்ப் புத்தகமும் அதைச் சொல்லாது. டிசம்பரில் தெற்குக் கைப்பிடிச் சுவர், ஒரு மீட்டர் உயரம் என்றால், நண்பகலில் மாடிக்குள் முக்கால் மீட்டர் நிழல் விழுத்தும். நாம் அங்கே நாற்றுகளை வைத்துப் பழகியிருப்போம். அந்த நிழல் நாளுக்கு நாள் சுருங்கி ஏப்ரல் 24 அன்று சென்னையில் இல்லாமலே போகும். அன்று உச்சிவேளையில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் இராது. அதன்பின் சூரியன் தலைக்கு வடக்கே நகர்கிறது. தெற்குச் சுவரின் நிழல் வீட்டுக்கு வெளியே விழ, வடக்குச் சுவர்தான் ஜூனில் ஒரு சாண் நிழல் தரும். நாற்றுத் தட்டை வைத்த இடம் மாறவே இல்லை, ஆனால் காய்ந்துபோயிற்று என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இடம்தான் மாறவில்லை, சூரியன் மாறிவிட்டது. மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் இந்த நிழலற்ற நாள் இன்னும் முன்னதாகவே வரும். பச்சை நிழல்வலையைத் தலைக்கு மேல் மட்டும் கட்டாமல் மேற்குப் பக்கமும் இறக்கிக் கட்டவேண்டும். ஏற்கெனவே சூடேறிய காற்றோடு சேர்ந்து அடிப்பது பிற்பகல் வெயில்தான்.

தொட்டியும் பையும் வேருக்கு வீடு. கறுப்புப் பை வெயிலை விழுங்கிச் சூடாகும், அதனால்தான் நல்ல வளர்ப்புப் பைகள் வெளியே வெள்ளையாக வருகின்றன. கறுப்புத் தொட்டிதான் இருக்கிறதென்றால் ஈரச் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். மண்தொட்டி தானே வேர்த்துக் குளிரும், ஆனால் சீக்கிரம் காயும். தென்னை நார்க்கழிவு கலந்தால் ஈரம் நிற்கும். மேல்மண்ணில் மூன்று விரல் கனத்துக்குக் காய்ந்த இலையோ கரும்புச் சக்கையோ மூடாக்குப் போட்டால் ஊற்றும் தண்ணீரில் பாதி போதும் என்பது என் அனுபவம். பிற்பகலில் ஹோஸைத் திறந்தால் முதலில் வருவது கையைச் சுடும் தண்ணீர், அதை வாளியில் பிடித்துவிட்டுப் பிறகு ஊற்றவேண்டும். வெயிலில் இலைமேல் நீர் பட்டால் துளி பூதக்கண்ணாடியாகி இலையைச் சுடும் என்பார்கள். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். வழவழப்பான இலையில் துளி ஒட்டிக் கிடப்பதால் ஒளி குவியும் இடம் இலைக்கு அப்பால் விழுகிறது, இலை கருகவில்லை. ரோமங்கள் துளியைத் தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டும் அது நடக்கலாம். ஆகவே செஞ்சிலந்திப் பேன் வந்த வெண்டையின் அடியிலைக்குப் பயப்படாமல் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

செடி பிழைத்துவிட்டது, பூவும் வந்துவிட்டது, காய் மட்டும் பிடிக்கவில்லை என்பது அடுத்த கவலை. தக்காளியில் காரணம் மகரந்தம். பகல் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் 21க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ காம்போடு உதிரும். பாதிப்பு நடப்பது பூ விரிவதற்கு ஒரு வாரத்துக்கும் முன்னே, மொட்டுக்குள். இன்று உதிர்ந்த பூவுக்குக் காரணம் போன வாரத்து வெயில். சென்னையில் மே இரவு 27, 28க்குக் குறைவதில்லை, ஆகவே தக்காளிக்கு நாம் செய்யக்கூடியது அதிகம் இல்லை. கத்தரியில் கொஞ்சம் உதவலாம். பூவைப் புரட்டிப் பாருங்கள். நடுவிலிருக்கும் சூலகத் தண்டு மகரந்தக் கூம்பைவிட நீண்டு வெளியே தெரிந்தால் அது காய்க்கும் பூ, உள்ளே ஒளிந்திருந்தால் உதிரப்போகும் பூ. கத்தரி, தக்காளி இரண்டின் மகரந்தமும் உப்புக் குப்பிபோல நுனித் துளை வழியாகத்தான் கொட்டும், அதற்கு ரீங்காரம் வேண்டும். தேன்கூடு கட்டும் தேனீக்கு அந்த ரீங்காரம் வராது. கறுப்புத் துளைவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் வரும். நான்காம் மாடிக்கு அவை ஏறி வராவிட்டால் காலை எட்டு மணிக்குப் பூக்காம்பை விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள்.

கொடிகளில் கோடையின் தொல்லை ஆண்பூ. வெப்பமும் நீண்ட பகலும் பூசணி, வெள்ளரி வகைகளில் ஆண்பூவைப் பெருக்கும். பூவுக்குக் கீழே பிஞ்சு இருந்தால் பெண். கையால் மகரந்தம் தொடப்போகிறவர்கள் நேரம் பார்க்கவேண்டும். பூசணி விடியலில் விரிந்து பத்து மணிக்குள் சுருங்கிவிடும். சுரையும் பீர்க்கையும் சாயங்காலம் விரியும். சுரையின் வெள்ளைப் பூ இருட்டில் அந்துப்பூச்சிக்குக் காட்டும் விளக்கு.

மல்லிகைக்கு மட்டும் கோடை சொந்த வீடு. பலமான வெயிலும் வெதுவெதுப்பான இரவும் சேர்ந்தால்தான் குண்டுமல்லி அள்ளிக்கொடுக்கும். ஆனால் பங்குனியில் பூக்க வேண்டிய வேலை கார்த்திகையிலேயே தொடங்குகிறது. புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பதால் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட வேண்டும். மனம் வராமல் விட்டவர்கள் சித்திரையில் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாமந்தி இதற்கு நேர்மாறு. அது இரவின் நீளத்தை அளக்கிறது. பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று கார்னர், அல்லார்டு இருவரும் 1920இல் புகையிலையில் காட்டினார்கள். சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு, சாமந்திக்கு அதுவே போதும். கோடையில் எவ்வளவு உரம் போட்டாலும் அது புதராகுமே தவிர மொட்டு வைக்காது. தெருவிளக்கு விழும் மூலையில் வைத்தால் குளிர்காலத்திலும் தாமதிக்கும், இருட்டான பக்கம் நகர்த்திவையுங்கள்.

இந்த ஆண்டு என் மாடியில் வைகாசி முழுக்கச் சிறுகீரை, பருப்புக்கீரை, நாலு வெண்டை, ஒரு சுரைப் பந்தல், சுவர் நெடுக வாடாமல்லியும் பத்துமணிப்பூவும். தக்காளி விதையை உறையில் மடித்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததும் நாற்றுத் தட்டில் விழும். ஆகஸ்ட் 18 அன்று உச்சிச் சூரியன் மறுபடி தலைக்கு நேரே வரும், குச்சி நிழல் இழக்கும். மறுநாள் முதல் தெற்குச் சுவரடியில் ஒரு நூலளவு நிழல் மீண்டும் மாடிக்குள் எட்டிப்பார்க்கும். நாற்றுகளை அங்கேதான் இறக்கப்போகிறேன்.